காரின் ரேடியேட்டரும் கூலன்ட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஞ்சின் சூடு சம்பந்தமாகத் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். மெக்கானிக் வேலை தெரியாதவருக்கும் புரியும்படி எழுதியிருக்கிறேன். வண்டிக்கு வண்டி சில விவரங்கள் மாறும், அந்த மாதிரி இடங்களில் உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் என்ன இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்த ரேடியேட்டர் என்னதான் செய்கிறது?

எரிபொருள் எரியும்போது சிலிண்டருக்குள் இருக்கும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். அப்படியிருந்தும் அலுமினியத்தில் செய்த ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) ஆண்டுக்கணக்கில் உருகாமல் நிற்கிறது என்றால், அந்தச் சூட்டை ஒரு நொடி விடாமல் ஏதோ ஒன்று வெளியே எடுத்துக்கொண்டு போகிறது. அந்த வேலையைத்தான் கூலன்ட் என்ற திரவம் செய்கிறது. எரிபொருளில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்தப் பயன்படுகிறது, இன்னொரு பங்கு சைலன்ஸர் வழியாகப் போய்விடும், மீதியில் பெரும்பகுதியைக் கூலன்ட்டும் ரேடியேட்டரும் சுமக்கின்றன.

வாட்டர் பம்ப் கூலன்ட்டை பிளாக்குக்குள்ளும் (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடல்) ஹெட்டுக்குள்ளும் தள்ளும். சூடேறிய கூலன்ட் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வரும். அங்கே மெல்லிய குழாய்களுக்குள் ஓடும்போது, குழாய்களுக்கு நடுவே மடித்து வைத்திருக்கும் தகடுகள் மேல் படும் காற்று சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆறின கூலன்ட் மறுபடியும் எஞ்சினுக்குப் போகும். வண்டி ஓடும்போது காற்று தானாக வரும், நிற்கும்போது ஃபேன் இழுத்துக் கொடுக்கும். இவ்வளவுதான் அமைப்பு.

இதில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகக் கிடைத்துவிடும். இது மூடிய சுற்று. பெட்ரோல் மாதிரி கூலன்ட் செலவாகும் பொருள் கிடையாது. அளவு குறைந்திருந்தால் அது எங்கேயோ போயிருக்கிறது, எங்கே என்று கண்டுபிடிக்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பது பராமரிப்பு ஆகாது.

கூலன்ட் எதற்கு? வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் என்ன?

சூட்டைச் சுமப்பதில் தண்ணீருக்கு ஈடு இல்லை, அது உண்மை. பிரச்சினை மற்ற மூன்று விஷயங்களில் இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், பூஜ்யத்தில் உறையும், இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும்.

கூலன்ட் என்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைகால், அதோடு அரிப்பைத் தடுக்கும் சில ரசாயனங்கள். தண்ணீரும் கிளைகாலும் பாதிக்குப் பாதி சேர்ந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, கொதிநிலையும் ஏறும். குளிர் இல்லாத இடத்தில் வண்டி ஓட்டுகிறேன், உறையும் பேச்சே இல்லை, எனக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் நான் அழுத்திச் சொல்வேன்: குளிர் இல்லாவிட்டாலும் அரிப்பு உண்டு. வெறும் தண்ணீரில் ஓடிய எஞ்சினைத் திறந்தால் செங்காவி நிறத்தில் துருச்சேறு படிந்திருக்கும், வாட்டர் பம்பின் இறக்கைகள் தின்னப்பட்டிருக்கும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைத்திருக்கும். பம்பின் சீலுக்கு வழவழப்புக் கொடுப்பதும் கூலன்ட்தான்.

அதற்காகத் தண்ணீரே கலக்காமல் முழுக் கிளைகாலையும் ஊற்றக் கூடாது. தண்ணீர் இல்லாத கிளைகால் சூட்டைச் சரியாகச் சுமக்காது, அது தனியாக மைனஸ் 13 டிகிரி பக்கத்திலேயே உறைந்தும் போகும். கடையில் இரண்டு வகையாக விற்பார்கள்: அப்படியே ஊற்றும்படி கலந்து வைத்தது ஒன்று, தண்ணீர் சேர்க்க வேண்டிய கெட்டித் திரவம் இன்னொன்று. லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஏற்கெனவே கலந்ததில் மறுபடி தண்ணீர் கலப்பதும், கெட்டியானதை அப்படியே ஊற்றிவிடுவதும் அடிக்கடி நடக்கிற தவறுகள்.

கலப்பதற்குக் குழாய்த் தண்ணீர் போதுமா?

வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சூடான இடத்தில் வெள்ளைப் படிவமாக ஒட்டிக்கொள்ளும், குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். டிஸ்டில்டு வாட்டர் அல்லது உப்பு நீக்கிய தண்ணீர்தான் சரி. வழியில் அவசரம், வேறு எதுவும் கிடைக்கவில்லை என்றால் குடிக்கிற தண்ணீரை ஊற்றி வீடு வந்து சேரலாம், எஞ்சினைக் காப்பாற்றுவது முதலில். பிறகு சீக்கிரமாக எல்லாவற்றையும் வடித்துவிட்டு முறையான கலவையை நிரப்புங்கள்.

பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று இருக்கிறதே, நிறம் பார்த்து வாங்கலாமா?

நிறத்தை நம்பாதீர்கள். அது வெறும் சாயம். ஒரு காலத்தில் பச்சை என்றால் பழைய வகை, ஆரஞ்சு என்றால் புதிய வகை என்று ஓரளவு சொல்ல முடிந்தது. இப்போது ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பத்துக்குச் சாயம் போடுகிறது. ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு டப்பாக்களுக்குள் முற்றிலும் வேறு ரசாயனம் இருக்கலாம்.

உள்ளே இருக்கும் வகைதான் முக்கியம். பழைய ஐஏடி (IAT) வகை, சிலிகேட் மாதிரியான உப்புகளைக் கொண்டு உலோகத்தின் மேல் ஒரு படலம் போட்டுவிடும். வேகமாகப் பாதுகாக்கும், வேகமாகத் தீர்ந்தும் போகும். ஓஏடி (OAT) வகை கரிம அமிலங்களைக் கொண்டது, அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்யும், அதனால் நீண்ட நாள் வரும். ஹெச்ஓஏடி (HOAT) என்பது இரண்டையும் சேர்த்த கலப்பு, இதிலேயே சிலிகேட் போட்டது, பாஸ்பேட் போட்டது என்று கிளைகள் உண்டு. கையேட்டில் எந்தத் தரக்குறியீடு இருக்கிறதோ அதே குறியீடு டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். “எல்லா வண்டிக்கும் பொருந்தும்” என்று மட்டும் எழுதியிருக்கும் டப்பாவை அவசரத்துக்கு எடுக்கலாம், முழுசாக மாற்றும்போது நான் எடுக்க மாட்டேன்.

இரண்டு வகை கலந்துவிட்டால் எஞ்சின் அன்றைக்கே நின்றுவிடாது. ஆனால் அரிப்புத் தடுப்பு சக்தி குறையும், சில கலவைகளில் கூழ் மாதிரி திரண்டு ரேடியேட்டர் குழாய்களையும் ஹீட்டர் கோரையும் (வண்டிக்குள் சூட்டுக்காற்று தரும் குட்டி ரேடியேட்டர்) அடைக்கும். பழைய வண்டி வாங்கியிருக்கிறீர்கள், உள்ளே என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்றால், யோசித்துக்கொண்டிருக்காமல் மொத்தமாக வடித்துக் கழுவிப் புதிதாக நிரப்பிவிடுங்கள். அன்றிலிருந்து கணக்கு உங்கள் கையில்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பழைய ஐஏடி வகை என்றால் பொதுவாக 2 ஆண்டுகள். ஓஏடி, ஹெச்ஓஏடி வகைகள் பொதுவாக 5 ஆண்டுகள், சில நிறுவனங்கள் முதல் நிரப்புக்கு அதைவிட நீண்ட காலம் கொடுக்கின்றன. கிலோமீட்டர், ஆண்டு இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. வண்டி அதிகம் ஓடாமல் நின்றால்கூட அரிப்புத் தடுப்பு ரசாயனம் காலப்போக்கில் தீர்ந்துகொண்டுதான் இருக்கும்.

ஒன்று கவனியுங்கள். கிளைகால் அவ்வளவு சுலபமாகக் கெட்டுப்போகாது, ஆகவே உறைநிலையை அளக்கும் கருவியில் பார்த்தால் எட்டு வருடத்துக் கூலன்ட்கூட நன்றாக இருப்பதாகத்தான் காட்டும். தீர்ந்துபோவது அரிப்புத் தடுப்பு. அதை அறிய கூலன்ட்டுக்கென்று விற்கும் சோதனைத் தாள் இருக்கிறது, தோய்த்து எடுத்து நிறத்தை ஒப்பிட வேண்டும். கூலன்ட் பழுப்பாகியிருந்தாலோ, கலங்கியிருந்தாலோ, மூடியின் அடியில் சேறு ஒட்டியிருந்தாலோ சோதனை எதுவும் தேவையில்லை, மாற்றிவிடுங்கள்.

அளவு சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, சமமான தரையில். காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் பார்ப்பதே நல்லது. ரேடியேட்டரோடு குழாயால் இணைந்த, கூலன்ட் தேங்கும் பிளாஸ்டிக் டப்பாவின் பக்கவாட்டில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு கோடுகள் இருக்கும், அவற்றுக்கு நடுவே நிற்க வேண்டும்.

ஆனால் டப்பாவில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் அழுத்தம் இருக்காது, ரேடியேட்டர் தலையில் தனியாக உலோக மூடி இருக்கும், டப்பா சும்மா வழிந்து வருவதை வாங்கி வைத்து ஆறும்போது திருப்பிக் கொடுக்கும். இன்னொன்றில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது, டப்பாவின் மூடிதான் அழுத்த மூடி, சூடான நிலையில் அதைத் திறப்பது ரேடியேட்டர் மூடியைத் திறப்பதற்குச் சமம். முதல் விதத்தில் ஒரு ஏமாற்று நடக்கும்: டப்பாவில் அளவு சரியாகத் தெரியும், ரேடியேட்டருக்குள் பாதி காலியாக இருக்கும். மூடி பழுதாகியோ, இடையிலுள்ள சின்ன குழாய் விரிசல் விட்டோ, திருப்பி இழுத்துக்கொள்ளாமல் போனால் இப்படி ஆகும். அதனால் மாதத்துக்கு ஒருமுறையாவது, ஆறிய எஞ்சினில், ரேடியேட்டர் மூடியையே திறந்து உள்ளே விளிம்பு வரை நிற்கிறதா என்று பாருங்கள்.

அந்த மூடி அவ்வளவு முக்கியமா?

ஆமாம். முழு அமைப்பிலும் விலை குறைந்த பாகம், அதிகம் மறக்கப்படும் பாகமும் அதுதான்.

குக்கரில் வெயிட் செய்யும் வேலையைத்தான் இந்த மூடி செய்கிறது. உள்ளே சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் பாதிக்குப் பாதிக் கலவை 129 டிகிரி அளவில்தான் கொதிக்கும், அழுத்தம் இல்லையென்றால் 108 பக்கத்திலேயே கொதித்துவிடும். எஞ்சின் சாதாரணமாகவே 90 முதல் 105 டிகிரி வரை ஓடுகிறது, ஹெட்டுக்குள் சில இடங்களில் அதற்கும் மேல். ஆகவே மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து அழுத்தம் கசிய ஆரம்பித்தால், ரேடியேட்டரில் எந்தக் குறையும் இல்லாமலே மேடு ஏறும்போது கூலன்ட் கொதித்து வெளியே தள்ளும். மூடிக்குள் இன்னொரு சின்ன வால்வும் உண்டு, எஞ்சின் ஆறும்போது டப்பாவிலிருந்து கூலன்ட்டை உள்ளே விடுவதற்கு. அது ஒட்டிக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். ஆறிய வண்டியில் ஹோஸ் தட்டையாக இருந்தால் முதலில் மூடியைச் சந்தேகப்படுங்கள்.

மாற்றும்போது மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு பழையதோடு ஒத்துப்போக வேண்டும். கூடுதல் அழுத்த மூடி போட்டால் இன்னும் பாதுகாப்பு என்று நினைத்துப் போடுகிறார்கள், அது பலவீனமான ஹோஸையும் பிளாஸ்டிக் தொட்டியையும் வெடிக்க வைக்கும்.

கூலன்ட் அடிக்கடி குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. எங்கே போகிறது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அலட்சியப்படுத்தினால் அதிகச் செலவு வைப்பதும் இதுதான். “மாதம் ஒரு தடவை கொஞ்சம் ஊற்றினால் போதும், ஓடுது” என்று ஒரு வருடம் ஓட்டி, கடைசியில் ஹெட்டைக் கழற்றும் நிலைக்கு வருகிறார்கள்.

சின்னக் கசிவு சூடான உலோகத்தின் மேல் விழுந்தால் உடனே ஆவியாகிவிடும், தரைக்கு வராது. ஆனால் தடம் விட்டுவிட்டுத்தான் போகும். ஹோஸ் மாட்டியிருக்கும் முனைகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் ஓரம், வாட்டர் பம்பின் அடிப்பக்கம், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட்டின் வழியைத் திறந்து மூடும் வால்வு) இருக்கும் கூடு, இந்த இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ, கூலன்ட்டின் சாய நிறத்திலோ காய்ந்த பொருக்கு இருந்தால் அங்கேதான். வாட்டர் பம்பில் வேண்டுமென்றே ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள், உள் சீல் தேய்ந்தால் அதன் வழியாகக் கசிந்து உங்களுக்குத் தகவல் சொல்வதற்காக. அதை அடைக்க முயலாதீர்கள், பம்பை மாற்றுங்கள்.

அடுத்தது வண்டியின் உள்ளே. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டர் கோர் என்று ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. அது கசிந்தால் முன் சீட் கால்வைக்கும் இடத்தில் தரைவிரிப்பு ஈரமாக இருக்கும், இனிப்பான வாசனை வரும், முன் கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப்பசை மாதிரி ஒரு படலம் படியும். ஏசி தண்ணீரும் இதே இடத்தை நனைக்கும், ஆனால் அதற்கு வாசனையும் இருக்காது, பிசுபிசுப்பும் இருக்காது.

இது எதுவும் இல்லை என்றால் எஞ்சினுக்குள்ளேயே போகிறதோ என்று பார்க்க வேண்டும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் காஸ்கெட் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். கண்ணால் பிடிபடாத கசிவுக்குப் பட்டறையில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றிவிட்டு, முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதே அழுத்தம் கிடைப்பதால், ஆவியாகாமல் கசிவு அப்படியே சொட்டும். சின்ன வேலை, பல யூகங்களை ஒரே அடியில் தீர்த்துவிடும். அதைச் செய்யாமலே “ரேடியேட்டர் மாத்தணும்” என்று சொல்லும் மெக்கானிக்கிடம் டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி ஏறுகிறது. என்ன செய்வது?

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள், ஜன்னலை இறக்கிவிடுங்கள். உள்ளே வேகும், ஆனால் எஞ்சினிலிருந்து கொஞ்சம் சூடு அந்த வழியாக வெளியேறும். பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். முள் ஏற்கெனவே சிவப்பில் இருந்தாலோ, எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, ஆவி வந்தாலோ, ஹீட்டர் போட்டுப் பார்க்கவெல்லாம் நேரம் இல்லை, உடனே ஓரம் கட்டி அணையுங்கள். இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போய்விடலாம் என்ற அந்த எண்ணம்தான் ஹெட்டை வளைக்கிறது.

பிறகு காத்திருங்கள். அரை மணி நேரமாவது, இன்னும் கூடுதலாக இருந்தால் நல்லது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. மூடியைத் திருப்பிய நொடியில் அழுத்தம் விடுபட்டு, 100 டிகிரிக்கு மேல் இருக்கும் கூலன்ட் ஒரே அடியாகக் கொதித்து முகத்தில் பாயும், மோசமான தீக்காயம் ஆகும். மேல் ஹோஸைத் துணி வைத்து அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி விறைப்பாக இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது. அது தளர்ந்து, தொட்டால் சுடாத நிலை வந்த பிறகு, கெட்டித் துணியை மூடி மேல் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மெதுவாகத் திருப்புங்கள். எஞ்சின் கொதிக்கும்போது குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், உலோகம் திடீரென்று சுருங்கி விரிசல் விடும்.

ஒரு முக்கியமான சங்கதி. கூலன்ட் முழுவதும் கொட்டிப்போயிருந்தால் முள் ஏறாமல், சில சமயம் கீழே இறங்கியும் காட்டும். சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும், காற்றில் தொங்கினால் அதற்கு ஒன்றும் தெரியாது. ஹீட்டரில் திடீரென்று குளிர்க்காற்று வருகிறது, எஞ்சின் இழுக்கவில்லை, இனிப்பு வாசனை அடிக்கிறது என்றால் முள் என்ன சொன்னாலும் நிறுத்துங்கள்.

நெரிசலில் மட்டும் சூடாகிறது, நெடுஞ்சாலையில் சரியாக இருக்கிறது. ஏன்?

நின்று நின்று போகும்போது காற்று கொடுப்பது ஃபேன் மட்டும்தான். ஆகவே ஃபேன் சுற்றவில்லை, அல்லது சோம்பலாகச் சுற்றுகிறது. எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள், பெரும்பாலான வண்டிகளில் கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார், சென்சார் என்ற வரிசையில் பாருங்கள். இரண்டு வேகம் உள்ள ஃபேன்களில் ஒரு வேகம் மட்டும் போய்விடுவதும் உண்டு. பெல்ட்டில் ஓடும் ஃபேன் உள்ள வண்டிகளில் நடுவிலிருக்கும், சூடானதும் ஃபேனைப் பிடித்துச் சுற்றவைக்கும் விஸ்கஸ் கிளட்ச் பிடி விட்டிருக்கலாம். மின்சார ஃபேன் சாவியை எடுத்த பிறகும் திடீரென்று சுற்றத் தொடங்கலாம், கையை அருகில் கொண்டுபோகும் முன் பேட்டரி முனையைக் கழற்றிவிடுங்கள்.

நேர்மாறாக, நெரிசலில் சரி, வேகமாகப் போனாலோ மேடு ஏறினாலோ சூடு என்றால் காற்றுக்குக் குறைவில்லை, கூலன்ட்தான் போதுமான அளவு ஓடவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் பாதிதான் திறக்கலாம், பம்பின் இறக்கை தேய்ந்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிப்போகலாம். இந்த இரண்டு வித்தியாசத்தையும் மெக்கானிக்கிடம் தெளிவாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் வண்டி சூடாகாது என்கிறார்களே?

இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தெர்மோஸ்டாட் ஒரு மெழுகு வால்வு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்து, 82 முதல் 90 டிகிரி அளவில் மெழுகு உருகி விரியும்போது திறக்கும். அதை எடுத்துவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கி சேறாகும், தேய்மானமும் கூடும். அதைவிட, பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் மறுமுனை பைபாஸ் வழியை அடைக்கும். எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றும், பாரம் ஏறும்போது முன்னைவிட அதிகமாகவே சூடாகும்!

தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டாலும் இதே தொல்லைதான். முள் நடுவுக்கே வராது, ஹீட்டர் வெதுவெதுப்பாக மட்டும் வரும், பல வண்டிகளில் எஞ்சின் விளக்கு எரிந்து பி0128 (P0128) என்ற பிழைக் குறியீட்டைக் காட்டும். புதிது வாங்கிப் போடுங்கள், கூடவே அதன் ரப்பர் வளையத்தையும் மாற்றுங்கள்.

கூலன்ட்டை நானே மாற்ற முடியுமா?

முடியும், பொறுமை இருந்தால். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டரின் அடியில் ஒரு வடிகுழாய்த் திருகு இருக்கும், இல்லாத வண்டிகளில் கீழ் ஹோஸைக் கழற்ற வேண்டும். அடியில் அகலமான பாத்திரம் வைத்து, மூடியைத் திறந்துவிட்டு வடியுங்கள். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் பிளாக்குக்குள் கணிசமாகப் பழையது தங்கிவிடும். பிளாக்கில் வடிதிருகு இருந்தால் அதையும் திறக்கலாம், இல்லையென்றால் டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, எஞ்சினைத் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி வடியுங்கள். வருவது தெளிவாகும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். உள்ளே இந்தத் தண்ணீர் கொஞ்சம் தங்கும் என்பதால், கெட்டித் திரவம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் மொத்தக் கொள்ளளவில் பாதியைக் கெட்டித் திரவமாகவே முதலில் ஊற்றிவிட்டு மீதிக்குத் தண்ணீர் சேர்த்தால் விகிதம் சரியாக வரும். குடும்பக் கார்களில் மொத்தக் கொள்ளளவு பெரும்பாலும் 4 முதல் 8 லிட்டருக்குள் இருக்கும், கையேட்டில் துல்லியமாகக் கொடுத்திருப்பார்கள்.

நிரப்புவதைவிடக் காற்றை வெளியேற்றுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உள்ளே காற்றுக் குமிழி அடைத்துக்கொண்டால், அதைத்தான் ஏர் லாக் என்பார்கள், கூலன்ட் நிறைய இருந்தும் வண்டி சூடாகும். மெதுவாக ஊற்றுங்கள். வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் உயரமாக நிற்பது உதவும். காற்றுத் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும் வரை ஊற்றிவிட்டு இறுக்குங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். அளவு இறங்க இறங்கச் சேருங்கள், மேல் ஹோஸ் சூடாகி ஃபேன் சுற்றி நின்றதும், ஹீட்டரில் நல்ல சூட்டுக்காற்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் காற்று போய்விட்டது. மறுநாள் காலையில் ஆறிய நிலையில் அளவை மறுபடி பாருங்கள், பெரும்பாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும், சேர்த்துவிடுங்கள். சில புதிய வண்டிகளில் மின்சாரப் பம்பைக் கம்ப்யூட்டர் வழியாக ஓட்டியோ, வெற்றிடக் கருவி கொண்டோதான் காற்றை எடுக்க முடியும், அந்த மாதிரி வண்டியில் இதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

கசிவை அடைக்கும் திரவம் ஊற்றலாமா?

நடுவழியில் மாட்டிக்கொண்டு வேறு வழியே இல்லை என்றால் மட்டும். கசிவை அடைக்கும் அதே துகள்கள் ஹீட்டர் கோரின் நுண்ணிய குழாய்களையும் அடைக்கும், எது ஓட்டை எது குழாய் என்று அதற்குத் தெரியாது.

ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தை எப்படிச் சுத்தம் செய்வது?

பூச்சி, தூசி, இலைத் துணுக்கு, சேறு எல்லாம் முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் போய்ச் சேரும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஏசி சரியாகக் குளிராமல், ஏசி போட்டால் முள்ளும் ஏறினால் இந்த இடைவெளியைப் பாருங்கள். ஆறிய எஞ்சினில், சாதாரணக் குழாய்த் தண்ணீர் வேகத்தில், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள், அப்போதுதான் வந்த வழியே வெளியேறும். அதிக அழுத்தத்தில் தண்ணீர் அடிக்கும் மெஷின் தகடுகளை மடக்கிவிடும், மடங்கிய தகடு வழியாகக் காற்று போகாது. மின் இணைப்புகள் மேல் நேராக அடிக்காதீர்கள்.

ஹோஸையும் பெல்ட்டையும் எப்போது மாற்றுவது?

ஆறிய நிலையில் ஹோஸை விரலால் அமுக்குங்கள். அளவோடு அமுங்கித் திரும்ப வேண்டும். சதசதவென்று மிருதுவாக இருந்தாலோ, நொறுநொறுவென்று காய்ந்திருந்தாலோ, கிளாம்ப் அருகே உப்பியிருந்தாலோ காலம் முடிந்தது. ஹோஸ் உள்பக்கமாகவும் விரிசல் விடும், அதனால் வெளித்தோற்றம் நன்றாக இருக்கிறது என்று பத்து வருட ஹோஸை நம்ப வேண்டாம். வாட்டர் பம்பை டைமிங் பெல்ட் ஓட்டும் வண்டி என்றால், பெல்ட் மாற்றும்போது பம்பையும் சேர்த்து மாற்றுங்கள். பம்புக்காக இன்னொரு தடவை அவ்வளவையும் பிரிக்கும் கூலி மிச்சம்.

ஹெட் காஸ்கெட் போயிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

கூலன்ட் குறைகிறது, வெளியே கசிவில்லை என்பது முதல் அறிகுறி. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் விறைத்துவிடுவது, டப்பாவில் விடாமல் குமிழி வருவது, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்ஸரில் அடர்த்தியான வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு வருவது, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த மாதிரி இருப்பது, இவையெல்லாம் அடுத்தடுத்த அறிகுறிகள். எல்லாம் ஒன்றாக வராது, ஒன்றிரண்டு வந்தாலே போதும். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணிறப் பசை இருப்பது வேறு: குளிரான நாட்களில் குறைந்த தூரம் மட்டும் ஓட்டும் வண்டிகளில் ஈரம் படிந்து அப்படி ஆகும், அதை வைத்து ஹெட்டைக் கழற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

உறுதி செய்ய எளிய ரசாயனச் சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் உள்ள குழாயை வைத்து, அங்கிருந்து வரும் காற்றை அதன் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். காஸ்கெட் மாற்றும்போது ஹெட் தட்டையாக இருக்கிறதா என்று அளந்து, வளைந்திருந்தால் ஃபேஸிங் செய்துதான் (பரப்பைச் சீவிச் சமமாக்கித்தான்) மாட்ட வேண்டும். வளைந்த ஹெட்டில் புதுக் காஸ்கெட் நிற்காது.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு வேறு ஏதாவது உண்டா?

பல வண்டிகளில் கியர் ஆயிலை ஆற்றும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அது உள்ளே விரிசல் விட்டுப்போனால் ஆயிலும் கூலன்ட்டும் கலந்து, டப்பாவில் இளஞ்சிவப்பு நுரையாகத் தெரியும். அப்படிப் பார்த்தால் ஒரு மீட்டர்கூட ஓட்டாமல் தூக்கு வண்டி கூப்பிடுங்கள், கூலன்ட் போன கியர்பாக்ஸ் சீக்கிரம் நாசமாகும்.

எலெக்ட்ரிக் கார் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே?

எஞ்சின் இல்லை, கூலன்ட் இருக்கிறது. பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்களில் பேட்டரி, மோட்டார், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் கூலன்ட்தான் ஆற்றுகிறது. ஹைபிரிட்டில் பெரும்பாலும் எஞ்சினுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று என்று தனித்தனிச் சுற்று, தனித்தனி டப்பா, இரண்டையும் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் மின்சாரத்தை அதிகம் கடத்தாத சிறப்புக் கூலன்ட்தான் ஊற்ற வேண்டும், இதில் அளவு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மாற்றும் வேலையை அந்த வண்டி தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

வடித்த பழைய கூலன்ட்டை என்ன செய்வது?

சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைகால் விஷம், அதோடு இனிக்கும். நாயும் பூனையும் நக்கும், குழந்தைகள் வாயில் வைக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செயலிழக்கும். வடித்ததை உடனே மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே என்னவென்று பெரிதாக எழுதி, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். பிறகு பழைய ஆயில், கூலன்ட் வாங்கிக்கொள்ளும் பட்டறையிலோ கழிவு சேகரிப்பு இடத்திலோ கொடுத்துவிடுங்கள். தரையில் சிந்தியதை மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள், கூலன்ட் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு. இதற்கு மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். வளர்ப்புப் பிராணி நக்கிவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் அதே அவசரத்தோடு தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.